சிவப்புக் குழாயில் தண்ணீர் வருகிறதா?



நீளமான பதிவு. பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இப்போதே ஓடலாம். திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ ஃபிளாட் வாங்கி, அதில் அப்பா அம்மாவைக் குடிவைத்துவிட்டு நியூ ஜெர்சியிலும் துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை இருங்கள். உங்களைத்தான் திட்டப்போகிறேன்.

உங்கள் அபார்ட்மென்ட்டில் படிக்கட்டு ஓரமாகத் தரையிலிருந்து மொட்டைமாடி வரை சிவப்புப் பெயின்ட் அடித்த தடித்த குழாய் ஒன்று போகிறது. மாடிக்கு மாடி அதில் ஒரு வால்வு, பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட சிவப்புப் பெட்டி. காம்பவுண்டுக்குள் கார் நிறுத்துகிற இடத்தில் இடுப்பு உயரத்துக்கு இன்னொன்று நிற்கும். அதற்கு ஃபயர் ஹைட்ரண்ட் என்று பெயர். அதன்மேல் துண்டு காயப்போடுவதையும் பார்த்திருக்கிறேன், பூந்தொட்டி வைப்பதையும் பார்த்திருக்கிறேன். அதைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதை மட்டும் அநேகமாக எங்கேயும் பார்த்ததில்லை.

கடந்த இரண்டு மாதமாக, என்னிடம் போனில் பேசுகிற பழைய மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறேன். உங்கள் அபார்ட்மென்ட் ஹைட்ரண்டைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள்? "தெரியாது டீச்சர், அசோசியேஷன் பாத்துக்கும்" என்கிறார்கள். அசோசியேஷன் செயலாளரைக் கேட்டால், "ஏ.எம்.சி. கொடுத்திருக்கோம் மேடம்." ஏ.எம்.சி. எடுத்தவர் வருடத்துக்கு ஒருமுறை ஒரு பையனை அனுப்புகிறார். அவன் சுவரில் தொங்குகிற சிலிண்டரில் பழைய தேதி ஸ்டிக்கரைக் கிழித்துப் புதியதை ஒட்டுகிறான், கையெழுத்து வாங்கிக்கொள்கிறான், போகிறான். ஹைட்ரண்ட் பக்கம் அவன் போவதே இல்லை. போனால் ஒரு துணி வைத்துத் துடைப்பான். துடைப்பது சோதனை ஆகிவிடுமா? பரீட்சைப் பேப்பரைத் திறக்காமல் மேலட்டையைப் பார்த்து மார்க் போட்டால் ஒத்துக்கொள்வீர்களா? என்னிடம் படித்த பிள்ளைகள் அரை மார்க்குக்கு ஸ்டாஃப் ரூம் வாசல் வரை வந்து சண்டை போட்டவர்கள்.

இது என்ன திடீர்க் கவலை என்று கேட்பீர்கள். நம் ஊருக்கு இது திடீர்க் கவலையாக இருக்கவே கூடாது. 2004 ஜனவரி 23, தை மாதத்து வெள்ளிக்கிழமை. ஸ்ரீரங்கம் பத்மப்ரியா திருமண மண்டபம். மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில், வீடியோ விளக்குக்குப் போன மின் இணைப்பிலிருந்து தீப்பிடித்தது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் தீவு. அந்தத் தீவில் முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் எரிந்து செத்தார்கள். அதே வருடம் ஜூலை 16, மறுபடியும் வெள்ளிக்கிழமை, கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள். அதற்கு ஏழு வருடம் முன்னால், 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேக யாகசாலைப் பந்தலில் 40க்கும் மேற்பட்டவர்கள். மூன்றும் ஒரே ஆற்றுப் பாசனத்து ஊர்கள். பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம்.

நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஹைட்ரண்ட் இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காய்ந்த கீற்று எரிய எத்தனை நிமிடம் ஆகும் என்று கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்தது. கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்தோம். பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்றார்கள், சரியான காரியம். பெரிய கட்டடம் கட்டினால் தண்ணீர்த் தொட்டி, பம்பு, சிவப்புக் குழாய், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று என்று கேட்டார்கள், அதுவும் சரி. பில்டர் எல்லாவற்றையும் வைத்தார், சான்று வாங்கினார், சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு முடிந்தது. அந்தச் சான்று வாங்கிய நாளில் குழாயில் தண்ணீர் வந்ததுதான் பல கட்டடங்களில் முதல் தடவையும் கடைசித் தடவையும். கீற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெயின்ட் அடித்த பொய்யை வைத்திருக்கிறோம்.

"ஃபயர் சர்வீஸ் வந்துடுமே டீச்சர்!" வரும். ஸ்ரீரங்கத்தில் நிலையம் இருக்கிறது, கன்டோன்மென்ட்டில் இருக்கிறது, வருகிறவர்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறவர்கள். ஆனால் கணக்குப் போடுங்கள். வழக்கமான தீயணைப்பு வண்டி ஒன்றில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். நிமிடத்துக்கு 900 லிட்டர் அடித்தால் ஐந்து நிமிடம். அப்புறம்? தெருவோரத்தில் மாநகராட்சி ஹைட்ரண்ட் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். ஆகவே அவர்கள் நம்பி வருவது உங்கள் காம்பவுண்டுக்குள் இருக்கிற தொட்டியையும் குழாயையும்தான். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் சித்திரை வீதிக்கோ, தீபாவளி வாரத்தில் என்.எஸ்.பி. ரோட்டுக்கோ பெரிய கடை வீதிக்கோ அந்த வண்டி எத்தனை நிமிடத்தில் நுழையும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். வண்டி வருகிற வரைக்கும் கட்டடத்தின் சொந்தக் குழாய்தான் கதி.

தீயணைப்புத் துறையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் சொன்னான்: "டீச்சர், ஹோஸை மாட்டி வால்வைத் திறந்தா, உஸ்ஸுனு காத்து வரும் பாருங்க, அந்த சத்தம் கேட்டாலே எங்களுக்கு வயித்தைக் கலக்கும். கீழ போய் மறுபடி வண்டியிலேருந்து ஹோஸ் இழுக்கணும். அந்த அஞ்சு நிமிஷம் யாருகிட்ட கேக்கறது?"

இனி கொஞ்சம் பௌதிகம். பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான், மறந்திருப்பீர்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் தரும். உங்கள் கட்டடம் இருபது மீட்டர் என்று வையுங்கள், மொட்டைமாடியில் தொட்டி. தரைத்தள வால்வில் இரண்டு கிலோ. சரி, ஏதோ பீய்ச்சும். ஆனால் தொட்டிக்கு மூன்று மீட்டர் கீழே இருக்கிற கடைசி மாடியில்? 0.3 கிலோ. அது பல் தேய்க்கிற குழாய். வெட் ரைசர் வைத்த கட்டடத்தில் உச்சி மாடி வால்விலும் 3.5 கிலோ இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. அந்த அழுத்தத்தைத் தொட்டி தராது, பம்பு தர வேண்டும். பம்பு ஓடவில்லை என்றால் உங்கள் தாத்தா பாட்டி இருக்கிற உச்சி மாடிதான் முதலில் வறண்டுபோகும். வ்யூ நன்றாக இருக்கிறது என்று சதுர அடிக்கு அதிகம் கொடுத்து வாங்கிய அதே மாடி.

"பம்ப் ரூம் கேஜ்ல ஏழு கிலோ காட்டுது மேடம்" என்பார் செயலாளர். காட்டட்டும். குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது அழுத்தம் எங்கேயும் நன்றாகத்தான் இருக்கும். காலையில் ஆறு மணிக்கு முன் உங்கள் பாத்ரூம் குழாய் எப்படிப் பாய்கிறது, ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் திறந்ததும் எப்படி ஒழுகுகிறது? தண்ணீர் ஓடும்போதுதான் அழுத்தத்தின் யோக்கியதை தெரியும். நடுவில் ஒரு கேட் வால்வை யாரோ பிளம்பர் நாலு வருடம் முன் மூடிவிட்டுத் திறக்க மறந்திருந்தால் பம்ப் ரூம் கேஜுக்கு அது தெரியவே தெரியாது. முள் ஒட்டிக்கொண்ட கேஜும் உண்டு. பம்பை நிறுத்தி, குழாயை வடித்த பிறகும் ஏழு கிலோ காட்டுகிற கேஜை என் கண்ணால் பார்த்தேன். பூஜ்யம் காட்டினாலாவது ஆள் சந்தேகப்படுவான்!

ஆகையால்தான் திறந்து ஓடவிட வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் இருக்கிறவர்கள் நடைபாதையில் நிற்கிற ஹைட்ரண்ட் பக்கத்தில் போட்டோ எடுத்துப் போடுகிறீர்களே, அங்கே என்.எஃப்.பி.ஏ. 25 என்று ஒரு தரநிலை இருக்கிறது. தனியார் வளாகத்துக்குள் இருக்கும் ஹைட்ரண்டை வருடத்துக்கு ஒருமுறையாவது முழுதாகத் திறக்க வேண்டும், துருவும் கசடும் போய்த் தெளியும்வரை ஓடவிட வேண்டும், ஒரு நிமிடத்துக்குக் குறையக் கூடாது. செய்ய வேண்டியவர் இடத்துக்குச் சொந்தக்காரர். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். அங்கே 2006-ஆம் வருடச் சட்டப்படி, கட்டடத்தின் சொந்தக்காரரோ குடியிருப்பவரோ ஜனவரியிலும் ஜூலையிலும், தீத்தடுப்பு ஏற்பாடெல்லாம் வேலை செய்யும் நிலையில் இருக்கிறது என்று உரிமம் பெற்ற நிறுவனத்திடம் சான்று வாங்கித் தீயணைப்பு அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும். அங்கேயும் மேஜையில் உட்கார்ந்தே எழுதித்தருகிறவர்கள் இருப்பார்கள், நான் ஒன்றும் குழந்தை இல்லை. ஆனாலும் பொய் எழுதினவனுடைய கையெழுத்து ஒரு காகிதத்தில் இருக்கும். நம் அபார்ட்மென்ட்களில் அந்தப் பொய்க்குக்கூடக் கையெழுத்து இல்லை.

எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் இதை எழுப்பினேன். வந்த பதில்களை அப்படியே எழுதுகிறேன், உங்கள் வீட்டுக் கூட்டத்திலும் இதே வரிசையில் வரும்.

முதலில், தண்ணீர் வீண். பம்பு முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓடினாலும் 900 லிட்டர். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. அதாவது ஏழு பேர் ஒரு நாள் குளிக்கிற, துவைக்கிற தண்ணீர், வருடத்துக்கு ஒரு தடவை. கார் கழுவுவதில் ஒரு மாதத்தில் எவ்வளவு போகிறது என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. மேலும், அந்தத் தண்ணீரைச் செடிக்குத் திருப்பலாம், சம்ப்பிலேயே விடலாம்.

அடுத்து, குழாய் வெடித்துவிட்டால்? வெடிக்கட்டுமே! ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லோரும் சுற்றி நிற்கும்போது வெடிப்பது நல்லதா, ராத்திரி இரண்டு மணிக்குப் புகைக்கு நடுவில் வெடிப்பது நல்லதா?

மூன்றாவதுதான் என்னைக் கோபப்படுத்தியது. "இங்க இருக்கறது எல்லாம் சீனியர் சிட்டிசன்ஸ் மேடம், யார் ஹோஸ் பிடிக்கப் போறா?" என்னமோ வயதானவர்கள் என்றால் எரியமாட்டார்கள் என்பதுபோல. பிடிக்க முடியாதவர்கள் இருப்பதால்தானே வந்து பிடிக்கிறவர்களுக்குத் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும்? 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோதும் உயிர்கள் போயின. 2011 டிசம்பரில் கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் ஏறக்குறைய 90 பேர், பெரும்பாலும் படுக்கையில் கிடந்தவர்கள், அடித்தளத்தில் கிளம்பிய புகையில் போனார்கள். ஸ்ரீரங்கத்தில் பாதி ஃபிளாட்கள் இன்றைக்கு எப்படி இருக்கின்றன? கதவைத் திறந்தால் ஒரு வாக்கர், ஒரு ஆக்ஸிஜன் இயந்திரம், பூஜை அறையில் விளக்கு.

கடைசியாகச் சம்மதித்தார்கள். திறந்தோம். எந்தக் கட்டடம் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் உங்களுடையதும் இப்படித்தான் இருக்கும். ஆறு மாடியில் மூன்று மாடி வால்வுக்குக் கைச்சக்கரம் இல்லை. இரண்டு பெட்டியில் நாசில் இல்லை. பித்தளையும் கன்மெட்டலும் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை போகும், பெட்டியின் பூட்டு எட்டு வருடமாக உடைந்திருக்கிறது. ஒரு பெட்டியில் துடைப்பமும் பினாயிலும். ஹோஸைப் பிரித்தால் மடிப்பு மடிப்பாகக் கிழிகிறது, பழைய பட்டுப்புடவை மாதிரி. உச்சி மாடியில் வால்வைத் திறந்தபோது முதலில் காற்று, பிறகு காப்பி டிகாக்ஷன் நிறத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், அப்புறம் ஒன்றுமில்லை. பம்பு? பேனலில் சுவிட்ச் 'ஆஃப்'-இல் இருந்தது. ஜாக்கி பம்பு ராத்திரியில் முனகுகிறது என்று முதல் மாடிக்காரர் சொன்னாராம், வாட்ச்மேன் அணைத்துவிட்டாராம். எத்தனை நாளாக என்று அவருக்கே ஞாபகம் இல்லை. வாட்ச்மேனை யாரும் கோபிக்கக் கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். மாதம் என்ன சம்பளம் கொடுக்கிறோம், அந்தப் பம்பு எதற்கு என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்றும் கண்டுபிடித்தோம், இதை எல்லோரும் உங்கள் இடத்தில் பாருங்கள். ஃபயர் பம்புக்கு மின்சாரம் கட்டடத்தின் மெயின் சுவிட்சுக்குப் பிறகுதான் எடுத்திருக்கிறது. தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வார்கள்? மெயினை இறக்குவார்கள், அதுதான் சரி. இறக்கினால் பம்பும் சேர்ந்து நின்றுவிடும். மெயினுக்கு முன்னாலேயே தனியாக லைன் எடுக்க வேண்டும், இல்லையென்றால் டீசல் பம்பாவது ஓடும் நிலையில் இருக்க வேண்டும். டீசல் இன்ஜினின் பேட்டரி செத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். கேட் பக்கத்தில் தீயணைப்பு வண்டி தன் ஹோஸை மாட்டிக் கட்டடத்துக் குழாய்க்குள் தண்ணீர் ஏற்ற ஒரு இணைப்பு இருக்கும். அதற்கு நேர் முன்னால் யாருடைய கார் நிற்கிறது என்றும் பாருங்கள்.

இப்போது பிள்ளைகளுக்கு வருகிறேன். கிரயப் பத்திரத்தில் யு.டி.எஸ். எத்தனை சதுர அடி என்று பில்டரிடம் எப்படிப் பேரம் பேசினீர்கள் என்று எனக்குத் தெரியும், சில பேருக்கு நான்தான் சாட்சிக் கையெழுத்தே போட்டேன். பிரிக்கப்படாத பாகம் என்றால் நிலம் மட்டும் இல்லை. அந்தச் சிவப்புக் குழாயிலும் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. காம்பவுண்டுக்குள் இருப்பது தீயணைப்புத் துறையுடையதும் இல்லை, மாநகராட்சியுடையதும் இல்லை. அதை யாராவது வந்து சோதிப்பார்கள் என்று காத்திருப்பது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து நம் வீட்டு கேஸ் அடுப்பை அணைப்பார் என்று படுத்துக்கொள்வது மாதிரி. அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குழுவில் ஜிம் வேண்டும், சிசிடிவி கேமரா இன்னும் நாலு வேண்டும், லாபிக்கு கிரானைட் வேண்டும் என்று அங்கிருந்தே போஸ்ட் போடுகிறீர்கள். ஹோஸ் மாற்ற வீட்டுக்கு இத்தனை என்று கேட்டதும், "நெக்ஸ்ட் இயர் பாக்கலாம்" என்று எழுதியது யார்? பெயர் போடவில்லை, படிக்கிறவனுக்குத் தெரியும். நீ என் வகுப்பில் இரண்டாவது பெஞ்ச்.

இங்கே இருக்கும் என் சொந்தக்காரர்களும் தப்ப முடியாது. கல்யாண மண்டபம் பார்க்கப் போகும்போது ஏசி உண்டா, டைனிங் ஹாலில் எத்தனை பேர் உட்காரலாம், பார்க்கிங் எப்படி, காய்கறி வெட்ட ஆள் தருவார்களா என்று இருபது கேள்வி கேட்கிறீர்கள். ஸ்ரீரங்கத்தில், 2004-க்குப் பிறகும், "அந்த ஹைட்ரண்டைத் திறந்து காட்டுங்கோ" என்று ஒரு பெண் வீட்டார் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். பணம் கைமாறாத வரை மண்டபக்காரருக்குக் காது நன்றாகக் கேட்கும். திறந்து காட்ட மாட்டேன் என்றால் வேறு மண்டபம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், பதினொன்றாவதாக இதைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? டியூஷன் சென்டர், ஹாஸ்டல், துணிக்கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் இதுதான்.

தேதி ஒன்றும் நானே யோசித்து வைத்திருக்கிறேன். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை தினம், அன்றிலிருந்து ஒரு வாரம். அது நமக்குச் சித்திரை முதல் நாள். எல்லோரும் வீட்டில் இருப்போம், வெளியூர்ப் பிள்ளைகளும் சில பேர் வந்திருப்பார்கள். காலையில் கனி பார்த்த பிறகு, பாயசத்துக்கு முன்னால், உச்சி மாடி வால்வை ஒரு நிமிடம் திறந்தால் போதும். அந்த வாரத்தில் நிலையத்துக்கு எழுதிக் கேட்டால், செய்துகாட்டவும் வருவார்கள். எங்களுக்கு வந்தார்கள், ஒரு காசு வாங்கவில்லை, மோர் மட்டும் குடித்தார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலைகளும் உண்டு. இன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டு, பம்ப் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பேனல் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருக்கிறதா என்று வாட்ச்மேனை விட்டு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டிக்குள் நாசில், ஹோஸ், கப்ளிங் வாஷர் மூன்றும் இருக்கிறதா என்று மாடிக்கு ஒருவர் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடியும். ஏ.எம்.சி. பில்லில் 'ஹைட்ரண்ட் ஓட்டச் சோதனை' என்று ஒரு வரி இருக்கிறதா என்று செயலாளரைக் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த தவணைப் பணத்தை நிறுத்தி வையுங்கள், மறுநாளே ஆள் வருவார். பார்த்ததைக் கமென்ட்டில் எழுதுங்கள், படத்தோடு. 'சூப்பர் டீச்சர்', கைகூப்புகிற பொம்மை, இரண்டும் வேண்டாம்.

எங்கள் பிளாக்கில் ஹோஸ் எல்லாம் மாற்றியாயிற்று, பம்புக்குத் தனி லைனுக்கு ஈ.பி.யில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு டீசல் பம்பை வைத்து மறுபடியும் திறக்கிறோம். பி பிளாக் பக்கம் வண்டி நிறுத்தியிருப்பவர்கள் சனிக்கிழமை ராத்திரியே எடுத்துவிடுங்கள், முதலில் வருவது துருத் தண்ணீர்.